ஓக் தரையும் தொங்பில்லின் முதுகும்

புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடி வீட்டுக்குள் சாமான் வந்து இறங்குவதற்கு முன்னால், சிமென்ட் தூசியையும் பசைக் கறையையும் பெயிண்ட் சொட்டையும் எடுத்து, வீட்டை மனுஷர் புழங்கும்படி ஆக்கிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் குன்சான் துறைமுகப் பக்கம் அந்த ஆள் பியோ மல்சூன். முழங்காலில் பஞ்சுப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கையில் ஈரத்துணியோடு அறையின் ஒரு மூலையில் மண்டியிட்டாள் என்றால், எதிர்மூலைச் சுவரில் தலை இடித்தால்தான் நிமிர்வாள். இருபது வருஷத்துக்கு மேல் இதே பிழைப்பு. அவளுக்குக் கீழே வேலை பார்த்த மூன்று பெண்களுக்கும் அவள் வாய் என்றால் பயம். வேலை கொடுத்தவர்களுக்கும்தான். "இதுக்குப் பேரு சுவரா? நான் தும்மினா அந்தப் பக்கம் போயிடும் போலிருக்கே" என்று கட்டட மேஸ்திரியின் முகத்துக்கு நேரே கேட்டவள் அவள்.

ஊரிலிருந்த எல்லா விதத் தரைகளும் அவள் கைக்குத் தெரியும். சுருட்டி விரிக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் விரிப்பு, மரம் மாதிரி படம் அச்சடித்த பலகை, பிளைவுட் மேல் மெல்லிசாக மரத்தோல் ஒட்டியது, எல்லாவற்றையும் துடைத்திருக்கிறாள், எல்லாவற்றையும் திட்டியும் இருக்கிறாள். ஒரே ஒரு முறைதான் அவள் கை நின்றுபோனது. ஏரிக்கரையில் ஒரு பல் டாக்டர் கட்டிய வீடு அது. கூடம் முழுக்க கட்டை ஓக் பலகை. ஒட்டு வேலை எதுவும் இல்லை, மேலிருந்து அடிவரை மரம். துணியை இழுத்தபோது எங்கேயும் தட்டாமல், கோடு விழாமல், ஈரம் பட்ட இடத்தில் ரேகை மேலெழும்பி வந்தது. மல்சூன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை பார்த்த சுன்யே அக்கா அவளுக்கு மாரடைப்போ என்று பயந்து தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள். "எனக்குன்னு ஒரு வீடு வந்தா, இந்தத் தரைதான்" என்றாள் மல்சூன். வாடகை அறையில் குடியிருக்கிறவள் பேசுகிற பேச்சா இது என்று சுன்யே சிரித்தாள்.

சிரித்தால் சிரிக்கட்டும். மல்சூன் வாங்கியே விட்டாள். பழைய அடுக்குமாடிதான், ஒன்பதாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை. ஆனாலும் சொந்தம். உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. சமையலறை அலமாரி எப்படி இருக்க வேண்டும், சுவர்க் காகிதம் என்ன நிறம் என்று கேட்டால், எதுவாவது ஒன்றை ஒட்டு என்பாள். தரை விஷயத்தில் மட்டும் மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

அவள் தரை பார்த்த விதத்தை அந்தக் கடைக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மாதிரிப் பலகையின் மேல் ஏறி நின்று பார்ப்பார்கள். குனிந்து கையால் தடவுவார்கள். மல்சூன் பையிலிருந்து துணியை எடுப்பாள். குழாயடி எங்கே என்று கேட்டு நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து, மண்டியிட்டுத் துடைப்பாள். துடைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒரு கடையில் விற்பனைப் பெண் வாயில் வைத்த காபியை விழுங்க மறந்து நின்றாளாம்.

அவள் கூடவே அவள் புருஷன் குக் தொங்பில்லும் போவான். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை பார்த்து, ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, அதோடு வீட்டுக்கு வந்துவிட்டவன். பேச்சு குறைவு. முதுகில் குளிர் இறங்கிவிட்டால் ஆளே மடங்கிப் போவான். சூடான தரையில் மல்லாக்கப் படுத்து முதுகை வாட்டினால்தான் மறுநாள் செருப்பு மாட்ட முடியும். வாடகை அறையில் அதற்கு மட்டும் குறைவிருந்ததில்லை. தரைக்கடியில் சுடுநீர்க் குழாய் ஓடாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. உட்காருவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அந்தச் சூட்டின் மேல்தான்.

கடைசியில் மல்சூன் ஒரு கடையில் தன் ஓக்கைக் கண்டுபிடித்தாள். அதே பலகை, அதே ரேகை. துடைத்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. கடைப் பையன் நல்லவன். விற்றால் போதும் என்று விடாமல், தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அம்மா, இது கட்டை மரம். கீழ குழாய் ஓடுற வீட்டுக்கு இது அவ்வளவா ஒத்துவராது. சூடு மேல வர நேரமாகும். சீக்கிரம் வரணும்னு கூட்டி வெச்சீங்கன்னா பலகை வெடிச்சிடும். நம்ம வீடுகளுக்கு மெல்லிசா இருக்கிறதுதான் சரி."

"தம்பி, நீ தரைய நின்னுக்கிட்டுப் பாக்குறவன். நான் இருபது வருஷமா மண்டி போட்டுப் பாக்குறவ. எடுத்து வை" என்றாள் மல்சூன்.

பையன் தொங்பில்லைப் பார்த்தான். தொங்பில் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மல்சூனும் திரும்பி, பேருக்கு ஒரு வார்த்தை கேட்டாள், என்ன சொல்றீங்க என்று. அவன் அந்தப் பலகையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். உன் இஷ்டம் என்றான். இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட ஒரே பொருள் அது. வேறு எதைச் சொல்வான் அவன்?

தரை போட்டு முடித்த அன்று மல்சூன் தன் வீட்டைத் தானே சுத்தம் செய்தாள். உதவிக்கு வந்த மூன்று பெண்களையும் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அவள் துடைத்துக்கொண்டே போவதை அவர்கள் வெளியே நின்று பார்த்தார்கள். முடித்துவிட்டு எழுந்தபோது அவள் முகத்தில் இருந்ததை நான் என்னவென்று சொல்வது? பிள்ளை பெற்றவள் முகம்தான்.

அது இலையுதிர் காலம். பிறகு கடற்காற்று திரும்பியது, குளிர் வந்தது.

சுவரிலிருக்கும் சூட்டுப் பொத்தானை ஓர் அளவுக்கு மேல் யாரும் தொடக்கூடாது என்று மல்சூன் சட்டம் போட்டாள். மரம் வெடித்துவிடும் அல்லவா? அந்த அளவில் கூடத்தில் உறையாமல் உட்காரலாம், அவ்வளவுதான். முதுகை வாட்ட முடியாது. தொங்பில் முதலில் கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுப் பார்த்தான். பிறகு மின்சார மெத்தை விரிப்பு ஒன்றை வாங்கிவந்து தரையில் விரித்தான். மல்சூன் மறுநாளே அதைத் தூக்கிப் பார்த்து, கீழே பலகை நிறம் மாறியிருக்கிறதா என்று முகத்தை ஒட்டவைத்துத் தேடினாள். மாறவில்லை. இருந்தாலும் மாறிவிடும் என்று சொல்லி, அதைச் சுன்யே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். கட்டில் வாங்கிப் போடுகிறேன், அதன் மேல் எந்த விரிப்பை வேண்டுமானாலும் விரித்துக்கொள்ளுங்கள் என்றாள். கட்டில் வந்தது. அதில் படுத்தால் ஓடுகிற பஸ் மேல் படுத்த மாதிரி இருக்கிறது என்றான் அவன். மூன்றாம் நாள் கீழே விழுந்தான். விழுந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்க, இவள் முதலில் தரையில் கீறல் விழுந்ததா என்றுதான் பார்த்தாள். அடிப்பாவி என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அவளுக்கு அப்போது அது உறைக்கவே இல்லை.

அப்புறம் துணி. அவன் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போனால் அவள் பின்னாலேயே போய் அவன் கால் பட்ட இடத்தைத் துடைப்பாள். கிம்ச்சி ஊறுகாய் எடுக்கப் போனால் டப்பாவுக்கு அடியில் துணியை ஏந்திப் பிடிப்பாள். அவன் உட்கார்ந்து எழுந்தால் அந்த இடத்தில் பளபளப்பு மங்கிவிட்டதா என்று பார்ப்பாள். திட்டமாட்டாள், முகம்கூடச் சுளிக்கமாட்டாள். துடைப்பாள், அவ்வளவுதான். மூச்சு விடுகிற மாதிரி அவளுக்கு அது.

குளிர் முற்றியதும் தொங்பில் காலையில் கிளம்பிப் போக ஆரம்பித்தான். முதியோர் மன்றத்தில் சதுரங்கம் ஆடப் போகிறேன் என்றான். சாயங்காலம் திரும்பி வருகிறபோது முகம் தெளிவாக இருந்தது, நடை நிமிர்ந்திருந்தது. மல்சூனுக்குச் சந்தோஷம்தான். ஒரு வழியாக மனுஷன் நாலு பேரோடு பழகுகிறான், வீடும் பகல் முழுக்க அழுக்காகாமல் இருக்கிறது.

ஜனவரியில் ஒரு நாள் பனி கொட்டி வேலை நின்றது. சுன்யே அக்கா போன் செய்தாள். அவள் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மருமகள் வருவதற்குள் வீட்டுத் தரையை மாற்ற வேண்டும். "நீ வந்து பாத்துச் சொல்லு. உன் கண்ணுக்குத் தப்பி எவனும் என்னை ஏமாத்த முடியாது" என்றாள். நாவுன்-தொங் சந்தைக்குப் பின்னால் மா என்கிற ஒருவர் புதிதாகக் கடை போட்டிருக்கிறாராம், கூட்டம் அள்ளுகிறதாம். மல்சூன் அந்தக் கடைக்குப் போனதில்லை. துணியைப் பையில் போட்டுக்கொண்டு சுன்யேயோடு கிளம்பினாள்.

கடை வாசலிலேயே ஏழெட்டு ஜோடி செருப்புகள் கிடந்தன. உள்ளே ஒரு பெரிய அறை. அறையின் தரையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு விதத் தரை போட்டு, கீழே உண்மையாகவே சுடுநீர் ஓடவிட்டிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் வெறுங்காலோடு ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாறி மாறி நின்று பார்த்தார்கள். சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ரகசியம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்கள். ஏன் இப்படிக் குசுகுசுக்கிறார்கள் என்று மல்சூனுக்கு விளங்கவில்லை. குட்டையாக, மூக்குக்கண்ணாடி போட்ட மா முதலாளி இவர்களிடம் வந்து விரலை உதட்டில் வைத்தார்.

"ஐயா தூங்குறாரு. எங்க கடைக்கு அதிர்ஷ்டமே அவர்தான். முதுகு போன மனுஷன். எந்தத் தரையில அவருக்குத் தூக்கம் வருதோ, அதைத்தான் ஜனங்க வாங்கிட்டுப் போறாங்க. இப்ப பாருங்க, அந்த ஜன்னலோரம் இருக்கறது. படுத்த உடனே போயிட்டாரு" என்றார்.

மல்சூன் எட்டிப் பார்த்தாள். நான்கைந்து பேர் சுற்றி நின்று பார்க்க, ஜன்னலோரப் பாத்தியில், மல்லாக்க, இரண்டு கையையும் விரித்துப் போட்டு, வாயைத் திறந்து, சட்டை மேலேறித் தொப்பை தெரிய, குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தான் குக் தொங்பில்.

காலுக்குக் கீழே சூடு ஏறிக்கொண்டிருந்தது, அவளுக்கோ உடம்பு சில்லிட்டது. பக்கத்தில் சுன்யே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கல்யாணப் பெண் தன் அம்மாவிடம், பாவம் வீட்டில் யாரும் இல்லாதவர் போலிருக்கிறது என்று சொன்னது மல்சூன் காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவளுக்கு. ஊர் முழுக்க வீடு துடைத்து மானத்தோடு பிழைத்தவள். அவள் புருஷன் கடையில் பொம்மை மாதிரி காட்சிக்குக் கிடக்கிறான்.

போய் அவன் பாதத்தை உலுக்கினாள். அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், சட்டென்று எழுந்து, படுத்திருந்த இடத்தை உள்ளங்கையால் துடைத்ததுதான். அதைப் பார்த்து மல்சூனுக்கு வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

மா முதலாளி நிலைமை புரிந்து, வந்திருந்தவர்களை வேறு பக்கம் நகர்த்திக்கொண்டு போனார். மல்சூன் குரலைத் தாழ்த்திப் பொரிந்து தள்ளினாள். முதியோர் மன்றம் இதுதானா, வீடு வாசல் இல்லாதவன் மாதிரி ஊரார் காலடியில் கிடப்பதா, மகள் ஹேவோன் கேட்டால் என்ன நினைப்பாள், இவ்வளவு பாடுபட்டு ஒரு வீடு வாங்கி வைத்திருக்கிறேனே என்று. தொங்பில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினான்.

"ஹேவோன் அம்மா, கோவிச்சுக்காத. அந்த வீட்டுல எனக்குக் கால் வெக்கவே பயமா இருக்கு."

"நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா உங்கள?"

"சொல்லல. பின்னாலயே துடைச்சிக்கிட்டு வர. நான் என்னமோ அழுக்கு மாதிரி." கால் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டான். "முதலாளி பின்கட்டுல ஒரு ரூம் தரேன்னாரு. குளிர் போற வரைக்கும் இங்கயே இருந்துக்கலாம்னு நினைச்சேன். உங்கிட்ட சொல்ற தைரியம் வரல. இன்னிக்குச் சொல்லிட்டேன்."

முப்பத்தைந்து வருஷம் ஒரே பாயில் படுத்தவன் வீட்டைவிட்டுப் போகிறேன் என்கிறான். சண்டை போட்டுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை, திரும்பிவருவான். இவன் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்கிறான்.

"சொந்த வீட்ட விட்டுட்டு யாராவது கடையில படுப்பாங்களா? அந்தத் தரை என்ன தரை தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"நல்ல தரைதான். அதுல நீ ஒரு நாளாவது படுத்துப் பாத்திருக்கியா?"

மல்சூன் வாயைத் திறந்தாள். மேஸ்திரிகளையெல்லாம் ஓடவிட்ட வாய், ஒரு கேள்விக்கு அடைத்துக்கொண்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, சுன்யே கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் பனியில் இறங்கி நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாகத் துணியைத் தேடியது. வாசலிலிருந்து துடைத்துக்கொண்டே கூடத்தின் நடுவரை வந்தவள், அங்கே நின்றாள். துணியை ஓரமாக வைத்தாள். வீட்டில் யாருமில்லை, ஆனாலும் யாராவது பார்க்கிறார்களா என்பது போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதலில் உட்கார்ந்து, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக மல்லாக்கப் படுத்தாள்.

படுத்ததும் அவள் கண் தேடியது கூரை மூலையில் ஒட்டடை இருக்கிறதா என்றுதான். இல்லை. விளக்கைப் பார்த்தாள். இப்படி ஒரு விளக்கா நம் வீட்டில் இருக்கிறது என்று நினைத்தாள். கூரையில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது, அதில் சின்னச் சின்னப் பூ. அதை ஒட்டுவதற்கு ஆள் வைத்ததே அவள்தான். பூ இருந்தது அவளுக்குத் தெரியாது. நாலு மாதமாகக் குடியிருக்கிற வீடு, முதல் முறையாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

அப்புறம் முதுகில் குளிர் ஏற ஆரம்பித்தது. பலகை கல் மாதிரி இருந்தது. இடுப்பு எலும்பு குத்தியது, தோள்பட்டை வலித்தது. இன்னும் கொஞ்சம், சூடு வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வரவில்லை. ஒரு பானைச் சோறு வேகிற நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல், சோபாக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து உட்கார்ந்து, கன்னத்தில் அறை வாங்கியவள் மாதிரி அந்தத் தரையைப் பார்த்தாள்.

மூன்று மாதம் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு பலகையையும் துடைத்துப் பார்த்தாளே, ஒன்றிலாவது படுத்துப் பார்த்தாளா? மனுஷர் படுக்கப்போகிற தரையை, படுக்காமல் துடைத்துப் பார்த்து வாங்கியவள் இந்த நாட்டிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தனக்கு வீடு வாங்கியதாக நினைத்துக்கொண்டு இன்னொரு வேலையை வாங்கி வைத்திருக்கிறாள். பல் டாக்டர் வீட்டைத் துடைத்து முடித்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம். இந்த வீட்டுக்கு அதுவும் இல்லை. மல்சூன் அழுதாள். தரையில் சொட்டிய கண்ணீரையும் கை போய்த் துடைத்தது. அந்தக் கையைப் பார்த்து அவளுக்கே பயமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் தொங்பில் வரவில்லை. நெத்திலிச் சாறு வைத்து, இரண்டு கிண்ணம் எடுத்து வைத்தாள். ஒரு கிண்ணத்தைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் மா கடை திறக்கிற நேரத்துக்கு அவள் போனாள். தொங்பில் துடைப்பத்தோடு வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான், எதற்கென்று கடவுளுக்குத்தான் தெரியும். அவள் உள்ளே போனாள், மேல்கோட்டைக் கழற்றினாள், ஜன்னலோரப் பாத்தியில் படுத்தாள். மா முதலாளியும், அந்நேரத்துக்கே வந்திருந்த ஒரு கிழத் தம்பதியும் பார்க்கத்தான் செய்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று கிடந்தாள்.

சூடு இடுப்பில் தொடங்கி மேலே ஏறியது. இருபது வருஷம் குனிந்தே இருந்த முதுகு அது. முள்ளெலும்பு ஒவ்வொன்றாக இறங்கித் தரையில் அமர்ந்த மாதிரி இருந்தது. கால் தானாக நீண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, துடைக்கவில்லை. தொங்பில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனும் படுத்தான்.

"நாம படுக்குற உள்ரூம் தரைய எடுத்துடலாம். நீங்க தேர்ந்தெடுங்க. உங்க முதுகு எதைச் சொல்லுதோ அது" என்றாள் கூரையைப் பார்த்தபடி.

அவன் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தான். "என்ன சொல்ற? அந்தத் தரை உன் உயிராச்சே."

"என் உயிர் ஒரு கடையில படுத்துக் கிடக்குன்னு நேத்துதான் பாத்தேன்" என்றாள் மல்சூன். இந்த மாதிரி ஒரு பேச்சு தன் வாயிலிருந்து வந்ததில் அவளுக்கே கூச்சமாகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொங்பில் காது மடல் சிவந்தது.

அவன் பாத்திகளையெல்லாம் பார்த்தான். தரை எதுவானாலும் பரவாயில்லை, வெறும் சிமென்ட்டாக இருந்தால்கூடச் சரிதான், நீ பின்னால் துணியோடு வராமல் இருந்தால் போதும் என்றான். அது உன்னால் முடியாது, அதுவும் எனக்குத் தெரியும் என்றும் சொன்னான். மல்சூன் முடியும் என்று சொல்லவில்லை. முயற்சி செய்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

ஜன்னலோரத்துத் தரையையே உள்ளறைக்குப் போடுவதென்று முடிவானது. அதிகம் அதிர்ந்துபோனது மா முதலாளிதான். தரை விற்றதில் சந்தோஷப்படுவதா, அதிர்ஷ்டம் வீட்டுக்குப் போவதில் அழுவதா என்று புரியாமல், கையைப் பிசைந்துகொண்டு, அப்படியென்றால் நாளையிலிருந்து இங்கே யார் படுப்பார்கள் என்று கேட்டார். "நீங்களே படுங்க. உங்க தரைதானே?" என்றாள் மல்சூன். வாய் திரும்ப வந்துவிட்டது.

அந்த வார முடிவில் உள்ளறைத் தரை மாறியது. கூடத்தில் ஓக் அப்படியே இருந்தது. தொங்பில் சின்னத் துணிப்பையோடு வீடு திரும்பினான். வந்ததும் குளிக்கப் போனான். மல்சூன் சமையலறையில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தவள், தண்ணீர்ச் சத்தம் நின்று நேரமாகியும் ஆள் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தாள்.

குளியலறை வாசற்படியில் நின்றிருந்தான். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, முதுகு வலியில் பல்லைக் கடித்தபடி குனிந்து, ஒவ்வொரு கால்விரலாகத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தான். விரலிடுக்கு, குதிகால், கணுக்கால். ஒற்ற ஒற்ற, முழங்காலிலிருந்து தண்ணீர் மறுபடி வழிந்து பாதத்தை நனைத்தது. ஒரு காலைக் கூடத்தில் வைக்கப் போய், வைக்காமல் எடுத்து, மறுபடி துடைத்தான். தினமும் இதைத்தான் செய்திருக்கிறான். வாத்தியாருக்குப் பயந்த பையன் மாதிரி, சொந்த வீட்டுக் கூடத்தில் கால் வைக்க, முதுகு ஒடிந்த ஒரு மனுஷன். மீன் வாடை அடிக்கிற கையோடு மல்சூன் ஓடிப்போய் அந்தத் துண்டைப் பிடுங்கினாள்.

"வாங்க" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு காலை வைத்தான், அடுத்த காலை வைத்தான். ஓக் பலகையில் ஈரத் தடம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போனது. கூடத்தைத் தாண்டி உள்ளறை வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்தான். அவள் குளியலறை வாசலிலேயே நின்றிருந்தாள். துண்டை இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தாள்.

"நான் துடைச்சிடட்டுமா?" என்று கேட்டான்.

"விடுங்க. காஞ்சிடும்" என்றாள் மல்சூன்.